கோழிக்காலில் பத்தொன்பது முடிச்சுகள்

விலங்கியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தபோது, புரட்டாசியில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இதுவே கடைசி நீட்டிப்பு. மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு தானாகவே ரத்தாகிவிடும். 'தானாகவே' என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். என் ஏழு வருடத்தில் தானாக நடக்கப்போகிற ஒரே காரியம் அதுதான்.

அதே மாதத்தில், நான் கௌரவ விரிவுரையாளராக இருந்த கல்லூரியிலும் கூப்பிட்டுச் சொன்னார்கள். வருகிற ஜூன் முதல் முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு வகுப்பு கிடையாது என்று. அந்தப் பதவியில் கௌரவம் மட்டும்தான் நிரந்தரம் என்று நண்பர்களிடம் கேலி பேசிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அதுவும் போகிறது என்றதும் அந்தக் கேலியை நிறுத்திக்கொண்டேன். வயது முப்பத்தைந்து. தறி தெரியாது. கோழி தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெருவில். தெரு முழுக்கத் தறி. நான் ஒருவன்தான் கோழிக்குப் போனவன். முதல் நாள் என் வழிகாட்டிப் பேராசிரியை (நாங்கள் மேடம் என்போம்) என்னிடம் கேட்டார்: உங்கள் தெருவில் பாதிப் பேருக்கு முதுகு வளைந்திருக்கிறதே, அது அப்பா தாத்தா கொடுத்ததா, இல்லை குழியில் காலை விட்டுத் தறியின் மேல் குனிந்தே உட்கார்ந்ததால் வந்ததா? அப்பாவும் கூன், பிள்ளையும் கூன் என்றால் ரத்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அப்பா உட்கார்ந்த அதே குழியில்தானே பிள்ளையும் உட்கார்ந்தான்? எப்படிப் பிரிப்பாய்? நான், பிள்ளையைத் தறியில் உட்கார வைக்காமல் வளர்த்துப் பார்க்க வேண்டும் மேடம், என்றேன். அவர் என் முதுகைப் பார்த்தார். தறியில் உட்காராத என் முதுகும் வளைந்துதான் இருந்தது. கம்ப்யூட்டர் மேடம், என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மனிதப் பிள்ளைகளை மாற்றி வளர்த்துப் பார்க்க முடியாது. கோழிகளை முடியும். திருமுக்கூடலில், மூன்று ஆறும் சேருகிற கரையில் மேய்கிற நாட்டுக்கோழிகள் பெரிது. எங்கள் தெருவில் மேய்கிற அதே மாதிரி நாட்டுக்கோழிகள் சிறிது. இதை நான் முதல் நான்கு வருடம் அளந்தேன். இரண்டு ஊரிலும் கோழி கோழியாகப் பிடித்துத் தராசில் வைத்து, மூன்று அத்தியாயம் எழுதினேன். பெரிய கோழி பெரிதாக இருக்கிறது என்பதை அத்தனை பக்கத்துக்கு நிரூபித்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏன் பெரிது என்பதுதான் நான்காவது அத்தியாயம். ஆற்றங்கரைக் கோழியின் ரத்தமா, அல்லது அது பொறுக்குகிற நத்தையும் கரையானும் சிந்தின நெல்லுமா? அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் ஆய்வேடே இல்லை.

செய்ய வேண்டியது எளிது. இரண்டு ஊர் முட்டையையும் ஒரே வீட்டில், ஒரே கோழிகளுக்கு அடியில் கலந்து அடைவைக்க வேண்டும். எல்லாக் குஞ்சுக்கும் அதே தாய்க்கோழிகள், ஒரே தீனி, ஒரே மண். பன்னிரண்டு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தால், ஆற்றங்கரைக் குஞ்சு அப்போதும் கனமாக இருந்தால் ரத்தம். வித்தியாசம் காணாமல் போனால் தீனி. இதை இரண்டு முறை ஏற்கெனவே செய்து தோற்றிருந்தேன். முதல் முறை கீரி. இரண்டாம் முறை வெள்ளைக்கழிச்சல் நோய். மூன்றாவது முறைக்குத்தான் கடிதத்தில் தேதி போட்டிருந்தது.

திருமுக்கூடலில் எனக்கு முட்டை கொடுக்கிற அம்மா, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவர். விடுமுறை நாளில்தான் கிடைப்பார். அவர் கூடையிலிருந்து நான் ஒவ்வொரு முட்டையையும் சின்னத் தராசில் வைத்து, கனமானதையும் லேசானதையும் தள்ளி, நடுவாந்தரமாக இருப்பதை மட்டும் எடுத்தேன். பெரிய முட்டைக்குள் தாய்க்கோழி தின்றதும் சேர்ந்து இருக்கும். முட்டை அளவை ஒன்றாக்கினால்தான் அதையாவது கொஞ்சம் விலக்கலாம் என்பது மேடம் சொல்லிக் கொடுத்தது. அந்த அம்மாவுக்கு இது வேறு மாதிரி தெரிந்தது.

"ஏம்பா, பெரிய முட்டையா பொறுக்கிக்கினு போறவன பாத்துகிறேன். பெருச வேணாம்னு வெச்சிட்டுப் போற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். "இத்தினி வருஷமா எங்க கோழியத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு கீறியே, ஒரு நாளாவது கொழம்பு வெச்சியா?"

கொழம்பு வைத்தால் அடுத்த வாரம் நிறுக்க முடியாதும்மா, என்றேன். என் படிப்பின் கஷ்டத்தை அவர் அன்றைக்குத்தான் உண்மையாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கூட இரண்டு முட்டை கொடுத்தார்.

கழிவுப் பட்டு நூலை மெத்தை மாதிரி வைத்த கூடையில் முட்டைகளை அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றேன். நடத்துநர் நான்காவது தடவை, சார் இறங்கணுமா வேணாமா, முடிவு பண்ணுங்க, என்றார்.

முட்டை எது எந்த ஊர் என்று பென்சிலில் எழுதியிருந்தேன். குஞ்சு பொரித்த பிறகு அடையாளத்துக்கு எண் போட்ட வளையம் வாங்கிக்கொள் என்று மேடம் சொன்னார். அங்கேதான் எனக்குப் புத்திசாலித்தனம் வந்தது. வீட்டில் இல்லாத நிறம் உண்டா மேடம், பட்டு நூல் கட்டிவிடுகிறேன், என்றேன். இருபதாம் நாள் முட்டைகளை எடுத்து, ஊர் வாரியாக இரண்டு பெட்டியில் பல்பு வெளிச்சத்தில் வைத்தேன். ஓடு உடைத்து வெளியே வந்தவுடன் காலில் நூல் கட்டினேன். ஆற்றங்கரைக் குஞ்சுக்குச் சிவப்பு. தெருக்குஞ்சுக்கு நீலம். பிறகு எல்லாவற்றையும் கலந்து ஐந்து தாய்க்கோழிகளுக்கும் பிரித்துக் கொடுத்தேன். கால் வளர வளர நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். அதையும் நான்தான் வாரா வாரம் பார்த்து, இறுகியிருந்த கால்களில் மட்டும் கட்டினேன்.

என் முடிச்சைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். என் மனைவி பாவு பிணைக்கிறவள். ஒரு புடவைப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள், முடிந்து அடுத்தது ஏறும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையோடு, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று விட்டாலும், ஒன்று மாறினாலும் தெரியும். அந்த வேலைக்கு எங்கள் தெருவில் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். நான் என் செருப்பின் அறுந்த வாரைக் கட்டினால் அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணமான புதிதில், தாலியின் மூன்றாவது முடிச்சு ஞாபகம் இருக்கிறதா, அதை நான்தான் போட்டேன், என்று பெருமை பேசியிருக்கிறேன். அது அவுந்துக்கினு இருந்தது, எங்கம்மாதான் பின்னாடி இருந்து இறுக்கிச்சு, என்றாள்.

காலையில் கல்லூரிக்குப் போனால் மாலையில்தான் வருவேன். பின்கட்டில் கோழிகள் அவள் கண் பார்வையில் இருந்தன. தீனி நான் அளந்து வைத்துவிட்டுப் போவேன். அவள் அதைத் தொட மாட்டாள். தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். பூனையை விரட்டுவாள், தண்ணீர் மாற்றுவாள். மாலையில் சாப்பிடும்போது நான் பேசுவேன். பேசுவதென்றால், என் வாய் மூடாது. சிவப்பு நூல் ஆற்றங்கரைக் கூட்டம், அதுதான் பெரிதாக வரப்போகிறது பார். நீலம் நம்ம தெருக்கூட்டம், நம்மைப் போலவே நோஞ்சான். இது மட்டும் தெரிந்துவிட்டால் ஆய்வேடு முடிந்தது, நான் டாக்டர், நீ டாக்டரம்மா, என்று. பன்னிரண்டு வாரமும் இதே பேச்சு. அவள் கேட்டுக்கொண்டே சோறு போடுவாள்.

பிப்ரவரிக் கடைசியில் நிறுத்தோம். முப்பத்தொரு கோழி தேறியிருந்தது. நான் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தராசில் வைக்க, அவள் எழுதினாள். பத்துக் கோழி தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. சிவப்பெல்லாம் கனம். நீலமெல்லாம் லேசு. ஒன்றிரண்டு தவிர மாறவே இல்லை. ஒரே தீனி, அதே தாய்க்கோழிகள், ஒரே பின்கட்டு. அப்படியும் இப்படியென்றால் ரத்தம்தான், முக்கால்வாசிக்கு மேல் ரத்தம். நான் தராசைப் பிடித்துக்கொண்டு அங்கேயே, எச்சத்தின் மேலேயே, உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய் என்ன ஆச்சுங்க என்றாள். ஆயிடுச்சும்மா, என்றேன்.

எடைகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏழு வருடம் கோழியை நிறுத்தவனுக்கு, கோழி இவ்வளவு சுத்தமாக இரண்டு வரிசையில் நிற்காது என்று தெரியும். தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள நேரம் இல்லை. இரண்டு வாரத்தில் அத்தியாயத்தை எழுதினேன். மேடம் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவான முடிவை நான் எதிர்பார்க்கவில்லை என்றார். வருகிற மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். நான்தான் அவருடைய கடைசி மாணவன். சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஐந்து படி பைண்டிங்குக்குப் போனது. கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று, அன்று காலை ஒரு சிவப்பு நூல் சேவலைப் பிடித்துக் காலைப் போனில் எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூலின் முடிச்சு சின்னதாக, தட்டையாக, வால் இல்லாமல் இருந்தது. என் முடிச்சு அப்படி இருக்காது. என் முடிச்சு என்றால் ஒரு மொட்டும் இரண்டு பக்கம் இரண்டு மீசையும் இருக்கும்.

அடுத்த கோழியைப் பிடித்தேன். அதற்கு அடுத்ததை. பின்கட்டு முழுக்க ஓடி ஓடிப் பிடித்தேன். பன்னிரண்டு கால்களில் மீசை. பத்தொன்பது கால்களில் தட்டை முடிச்சு.

அவள் உள்ளே பாவு பிணைக்கிற வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

"அது நான் கட்டினது. நீங்க கட்டினதுதான் ரெண்டு நாள் நிக்கலியே. கீழ வுழுந்து கெடக்குது, பட்டு நூல் வேற, நீங்க சாயங்காலம் வந்து தேடுவீங்களேன்னு எடுத்து, கால் வளர எடம் வுட்டுக் கட்டிட்டேன். ஒண்ணாவது அவுந்துச்சா பாருங்க."

ஒன்றும் அவிழவில்லை. அதுதான் கஷ்டம்.

எந்தக் காலிலிருந்து விழுந்தது என்று எப்படித் தெரிந்தது, என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீங்கதான சொன்னீங்க, செவப்பு பெருசா இருக்கும், நீலம் சின்னதா இருக்கும்னு. நூல் இல்லாம ரெண்டு மூணு நிக்கும். பெருசுக்குச் செவப்பு கட்டுவேன், சின்னதுக்கு நீலம். தப்பா?"

அறுந்த இழை கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டு நகர அந்தக் கைக்குத் தெரியாது. எந்த இழை எங்கே போக வேண்டும் என்பதை வாயால் சொல்லிக் கொடுத்தவன் நான், பன்னிரண்டு வாரம், சோற்றுக்கு நடுவில். நான் கண்டுபிடித்தது கோழியின் ரத்தத்தை இல்லை. என் பேச்சைத்தான் கோழிக்காலில் கட்டி, நிறுத்து, படம் போட்டு, பைண்டிங் செய்யக் கொடுத்திருந்தேன்.

தப்பில்லைம்மா, என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று வேலைக்குப் போகவில்லை.

மூன்று நாள் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வகுப்பில் என்ன நடத்தினேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு மாணவி, சார் நேத்தும் இதேதான் நடத்தினீங்க, என்றாள். ஏகாம்பரநாதர் கோயில் மதில் ஓரமாக வெயிலில் நடந்தேன், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல். என் முடிச்சு இருக்கிற பன்னிரண்டு கோழியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் வித்தியாசம் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஆறு கோழி இந்தப் பக்கம், ஆறு கோழி அந்தப் பக்கம். இதை வைத்து ஒரு சந்தையில் கூடப் பேச முடியாது.

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. பத்தொன்பதையும் கூடையில் போட்டு அவள் முன்னால் வைத்து, எதன் நூல் எப்போது விழுந்தது, முன்னால் என்ன நிறம் இருந்தது, ஞாபகப்படுத்திப் பார் என்றேன். ஆயிரக்கணக்கில் இழை பார்க்கிற கண்ணாயிற்றே. அவள் ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, திருப்பி, இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். நான்கைச் சொன்னாள். நெற்றியில் புள்ளி, கால் நகம் ஒடிந்தது, இப்படி அடையாளத்தோடு. மீதி பதினைந்துக்குத் தலையை ஆட்டினாள்.

சும்மா தோன்றுகிறதைச் சொல், என்றேன். தோணலீங்க, என்றாள். யோசித்துச் சொல், என்றேன். அவள் யோசித்தாள். நான் ஒரு சேவலைக் காட்டி, இது முதலில் சிவப்பாகத்தான் இருந்திருக்கும், இல்லையா, என்றேன். பிறகு இன்னொன்றை. இது நீலம்தானே. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நிறுத்த முடியவில்லை. ஐந்தாவது கோழிக்கு அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே விட்டாள்.

"ஏங்க, எனக்குத் தெரியல. நீங்க சொல்லச் சொல்ல ஆமான்னா, மறுபடியும் நீங்க சொன்னதத்தான் நான் கட்டுவேன். வேணாம்."

கோழிகள் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விட்டன. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. உங்க வேலைய நானே கெடுத்துட்டேன்ல, என்று அவள் மெதுவாகக் கேட்டாள். இல்லை, என் வாய், என்றேன். எப்போதும் என் கேலிக்குச் சிரிக்கிறவள், அன்று சிரிக்கவில்லை. நான் கேலியாகச் சொல்லவும் இல்லை.

அடுத்த நாள் மேடத்தைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, புது அத்தியாயம் எழுதினால் அதைப் படித்துக் கையெழுத்துப் போட ஒரு மாதமாவது ஆகும் என்றார். ஒரு மாதத்தில் என் பதிவு இருக்காது. வேறு வழி இருக்கிறதா மேடம், என்றேன்.

"கையெழுத்துப் போட்டது உன்கிட்ட இருக்கு" என்றார். "அத குடுன்னும் சொல்லல, குடுக்காதன்னும் சொல்லல. எனக்கு மே மாசம் வரைக்கும்தான் இந்த நாற்காலி. நீதான் இன்னும் முப்பது வருஷம் பாடம் எடுக்கணும்."

பைண்டிங் கடையிலிருந்து ஐந்து படியையும் வாங்கிவந்தேன். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, என் பெயர். அதைக் கொடுத்தால் டாக்டர். கொடுக்காவிட்டால் ஜூனில் வகுப்பு இல்லை, பதிவு இல்லை, ஏழு வருடத்துக்குக் காட்ட முப்பத்தொரு கோழி. யாரும் கேட்கப்போவதில்லை. தேர்வாளர்கள் முடிச்சைப் பார்க்கப்போவதில்லை. போனில் எடுத்த அந்தக் காலின் படத்தை நான் சேர்க்கக்கூட இல்லை. இரண்டு நாள் அந்தப் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. அவள் அதைத் துடைக்கும்போது கூட அட்டையைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை நான் ஒரு பக்கம் தட்டச்சு செய்து ஐந்து படி எடுத்தேன். தலைப்பு 'திருத்தம்'. நான்காவது அத்தியாயத்தில் முப்பத்தொரு பறவைகளில் பத்தொன்பதின் அடையாள நூல்கள் ஆய்வின் நடுவே அவிழ்ந்து, எதிர்பார்க்கப்படும் முடிவை ஆய்வாளர் வாயிலாக முன்பே அறிந்திருந்த ஒருவரால், உடல் அளவின் அடிப்படையில் மீண்டும் கட்டப்பட்டன; ஆகவே இந்த அத்தியாயத்தின் முடிவுகளைக் கொண்டு மரபின் பங்கையும் சூழலின் பங்கையும் பிரித்தறிய இயலாது. இவ்வளவுதான். சொந்த ஆய்வேட்டின் முதுகெலும்பை ஆய்வேட்டுக்குள்ளேயே உடைத்து ஒட்டுகிற காகிதம். மேடத்துக்கு அதைப் போனில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து 'சரி' என்று ஒரு சொல் வந்தது.

வீட்டில் பசை இல்லை. அவள் சோற்றுக் கஞ்சியைக் காய்ச்சி, கெட்டியாக்கிக் கொடுத்தாள். ஒட்டுவதற்கு முன் ஒரு படியை எடுத்துப் படித்தாள்.

"அறிந்திருந்த ஒருவர்னா யாரு?"

"நீதான்."

"பேரு போடக் கூடாதா?"

"போட்டா உன்னைத் திட்டுவாங்க."

"வாயிலாகன்னு போட்டீங்களே, அது நீங்க. அதுக்கும் பேரு போடல" என்றாள். பிறகு அவளே ஒட்டினாள். நான் ஒட்டினால் கோணலாகப் போகும் என்று.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் பக்கம் புரட்டி எண்ணினார். அந்தத் தாள் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

ஜூனில் கல்லூரியில் வகுப்பு இல்லை என்றார்கள். கொடுத்தாயிற்றா என்று கேட்டதற்கு, கொடுத்தாயிற்று, பட்டம் வரவில்லை என்றேன். வரட்டும் என்றார்கள். ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுத்தேன். மேடம் ஓய்வு பெற்ற அன்று போய் நின்றேன். என்னைப் பற்றி யாரோ கேட்டதற்கு, என் கடைசி மாணவன், என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. எனக்கு அது போதுமானதாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

அக்டோபரில் பதில் வந்தது. ஒரு தேர்வாளர் ஏற்றுக்கொள்ளலாம் என்றிருந்தார். திருத்தத் தாளை அவர் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். இன்னொருவர் அந்தத் தாளை மட்டும்தான் பார்த்திருந்தார். நான்காவது அத்தியாயத்தை மறுபடி செய்ய வேண்டும். கோழிக்கு அடையாளம் போடுகிறவர் வேறு, நிறுப்பவர் வேறாக இருக்க வேண்டும். எது எந்த ஊர் என்று நிறுப்பவருக்குத் தெரியவே கூடாது. ஒரு வருட அவகாசம். அதற்குள் இல்லாவிட்டால் நிராகரிப்பு. இதற்கு மேல் நீட்டிப்பே கிடையாது என்று ஏற்கெனவே சொன்ன அதே அலுவலகத்திலிருந்து ஒரு வருடம். தோற்றதால் கிடைத்தது.

அவளிடம் படித்துக் காட்டினேன். பாஸா ஃபெயிலா என்றாள். இரண்டும் இல்லை, மறுபடியும் முட்டை, என்றேன். அவள் அன்று முழுக்க யோசித்துவிட்டு, அடுத்த நாள் காலையில், குஞ்சு பொரித்ததும் தான் அய்யம்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அங்கேயும் பாவு பிணைக்கிற வேலை இருக்கிறது. பன்னிரண்டு வாரம். கோபமா என்றேன். கோபமில்லை, இங்கே இருந்தால் கை சும்மா இருக்காது என்றாள். உங்களுக்கும் வாய் சும்மா இருக்காது, என்று சேர்த்துக்கொண்டாள்.

இப்போது ஏழாவது வாரம். எண் போட்ட வளையம். தாவரவியலில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் வந்து மாட்டிவிட்டு, எந்த எண் எந்த ஊர் என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன் பீரோவில் வைத்திருக்கிறார். நான் பின்கட்டில் நின்று பார்க்கிறேன். முப்பத்தைந்து குஞ்சு. எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. பெரிதாக ஒன்று ஓடினால், ஆற்றங்கரையாகத்தான் இருக்கும் என்று மனது சொல்லும். தெருக்கூட்டமாக இருந்துவிட்டால் என்றும் அதே மனது கேட்கும். வித்தியாசமே இல்லாமல் போய்விட்டால்? அதுவும் ஒரு முடிவுதான் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாடகை வாங்குகிறவரிடம் அதைச் சொல்ல முடியாது.

மாலையில் நான் தீனி அளக்கிற நேரத்தில் அவள் போன் செய்கிறாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன் கோழியைத்தான் கேட்பாள். நேற்று, எது பெருசா வருது, என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். எது எளைச்சிருக்குது, அதையாவது சொல்லுங்க, என்றாள். எனக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தது. பதினேழாம் நம்பர், மற்றது தள்ளிவிடுகிறது, ஓரமாக நிற்கிறது, என்று சொல்லிவிட்டேன்.

"ஐயோ பாவம்" என்றாள். "அது யாரு கொழந்த?"

"தெரியாது."

"நெசமாவா?"

"நெசமாவே தெரியாதும்மா."



"அப்ப அதுக்கு மட்டும் ஒரு கை கம்பு கூடப் போடுங்க. யாருதுன்னு தெரியாதில்ல, யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

பதினேழாம் நம்பர் சுவரோரம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் ஏற்கெனவே ஒரு கை கம்பை எடுத்துவிட்டிருந்தேன். போடக்கூடாதும்மா, என்றேன். தெரியும், சும்மா சொன்னேன், என்றாள். ஆனாலும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கம்பு கை வியர்வையில் ஒட்டத் தொடங்கும் வரைக்கும் விரலை மூடிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.